சுனாமி வந்ததும் போயா (பௌர்ணமி) நாளில்தானே, அப்படியென்றால் நிலாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லையா?

வெள்ளவத்தை_அம்மா:
எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் போயா என்றால் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் விடமாட்டார்கள். 2004 டிசம்பர் 26 உந்துவப் போயா, கடல் பொங்கினது அன்றைக்குத்தான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். மகள் தரம் 8 படிக்கிறாள், அவள் அது நிலநடுக்கம், நிலாவுக்குச் சம்பந்தமே இல்லை என்று சண்டை பிடிக்கிறாள். ஆனால் நிலாதான் கடலை இழுக்கிறது என்று அவளுடைய புத்தகத்திலேயே இருக்கிறதே? கூடவே இன்னும் இரண்டு கேள்வி. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்றால் அது சுற்றுவதே இல்லையா? போயா நாளில் சூரியன் ஒரு பக்கம், நிலா மறுபக்கம், நடுவில் நாங்கள். பிறகு ஏன் ஒவ்வொரு போயாவுக்கும் சந்திர கிரகணம் வருவதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் சமாதானம் வேண்டும்.

தெஹிவளைக்_காற்று:
அக்கா, மகள் சொல்வதுதான் சரி. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது, நூற்றாண்டுக் கணக்கில் இறுகிக் கிடந்த இடம் அன்று காலை ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்குக் கிழிந்தது, நிலநடுக்க அளவு 9.1. கடலடி ஒரேயடியாக மேலே எழும்பியதால் மேலிருந்த தண்ணீர் முழுவதும் தள்ளப்பட்டது. அவ்வளவுதான். பௌர்ணமிதான் காரணம் என்றால் ஜப்பானை என்ன சொல்வது? 2011 மார்ச் 11 அன்று அங்கே சுனாமி வந்தபோது வானத்தில் இருந்தது கிட்டத்தட்ட அரைநிலா, அதாவது கடல் ஏற்றம் மாதத்திலேயே குறைவாக இருக்கும் நாட்கள். வருடத்துக்கு 12 போயா, சில வருடம் 13. அந்த ஒன்றைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்காமல் எப்படி என்பது வேறு கதை.

கொட்டாஞ்சேனை_பையன்:
அண்ணா, "சம்பந்தமே இல்லை" என்று ஒரே போடாகப் போடாதீர்கள். நிலா கடலை மட்டுமில்லை, தரையையும் கொஞ்சம் இழுக்கிறது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியனும் சேர்ந்து ஒரே கோட்டில் இழுக்கும்போது முற்றிக் கிடக்கும் பிளவுக்கு அது கடைசித் தள்ளாக அமையலாம் என்று ஆய்வாளர்களே பார்த்திருக்கிறார்களே.

தெஹிவளைக்_காற்று:
பார்த்திருக்கிறார்கள் தம்பி, மறுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த தொடர்பு மிகச் சிறியது, அதை வைத்து நாள் குறிக்க முடியாது. நீயே சொன்னாய், அமாவாசைக்கும் அதே இழுவைதான். அப்படியிருக்க இவர்கள் வீட்டில் அமாவாசையன்று பிள்ளைகளை மறிக்கிறார்களா? இன்னொன்று, கொழும்பில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமிக்குக்கூட ஒரு மீற்றரைத் தொடாது. கனடாவில் பண்டி விரிகுடா என்று ஒன்று இருக்கிறது, அங்கே 16 மீற்றர் வரை ஏறி இறங்கும். அதே நிலாதான், கடற்கரையின் வடிவமும் ஆழமும்தான் வேறு. அக்கா, வெள்ளவத்தைக் கடலில் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலையும் நீரோட்டமும்தான். அதற்குப் பயப்படச் சொல்லுங்கள், மே மாதம் தொடங்கி.

ஓய்வுபெற்ற_மாஸ்டர்:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். நிலா சுற்றுகிறது, பிள்ளை. கோயிலில் மூலஸ்தானத்தை வலம் வரும்போது உங்கள் வலது தோள்தான் கடைசிவரை சுவாமி பக்கம் இருக்கும். ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் நீங்கள் நாலு திசையையும் ஒருமுறை பார்த்துவிடுகிறீர்கள், அதாவது நீங்களும் ஒருமுறை திரும்பிவிட்டீர்கள். நிலாவும் அப்படித்தான், பூமியைச் சுற்ற 27.3 நாள், தன்னைத்தானே சுற்றவும் அதே 27.3 நாள். இது தற்செயலாக அமைந்தது இல்லை. ஆதியில் நிலா வேகமாகச் சுழன்றது, பூமியின் இழுவை அதன் உடம்பைச் சற்று நீட்டி, அந்த உராய்விலேயே வேகத்தைக் குறைத்துக் கடைசியில் கட்டிப்போட்டுவிட்டது. பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சற்றுச் சாய்ந்திருப்பதாலும் நிலா கொஞ்சம் ஆடுகிறது, அதனால் மொத்தத்தில் 59 வீதம் வரை நமக்குத் தெரியும். மிச்சத்தை 1959இல் சோவியத்தின் லூனா 3 விண்கலம்தான் முதலில் படம் பிடித்தது. அதை இருண்ட பக்கம் என்று சொல்கிறவர்களை என்னவென்பது, அங்கேயும் இரண்டு கிழமை வெயில்தான்!

நிலாவும் பதிலுக்குச் சும்மா இல்லை. கடல் ஏற்ற இறக்கத்தின் வழியே பூமியின் சுழற்சியைத் தடுத்து, நம்முடைய நாளை மெல்ல நீட்டுகிறது, அந்தச் சக்தியில் தானும் வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது. 1969இல் அப்பல்லோ 11 வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசரை அடித்து, திரும்பி வரும் நேரத்தை வைத்து இதை அளக்கிறார்கள்.

போயா என்றதும் இதையும் சொல்லவேண்டும். 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு லீவே கிடையாது, நிலாவின் நாலு கட்டத்துக்கும் ஒவ்வொரு போயா, அதற்கு முதல் நாள் அரைநாள். நிலா மாதம் 29.5 நாள், நாலாகப் பிரித்தால் 7.4, கிழமைக்குள் அடங்காது. சில வாரம் ஒரு நாள் கூடும், லீவு திங்களில் வரும், பிறகு செவ்வாயில் வரும், வெளிநாட்டோடு வியாபாரம் செய்த கொம்பனிகள் தலையில் கைவைத்தன.

கொட்டாஞ்சேனை_பையன்:
மாஸ்டர், 27.3 என்றீர்கள், பிறகு 29.5 என்றீர்கள்?

ஓய்வுபெற்ற_மாஸ்டர்:
நல்ல கேள்வி. நிலா ஒரு சுற்றை முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுகிறது. அடுத்த பௌர்ணமிக்கு நிலா இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஓடித்தான் பிடிக்கவேண்டும்.

மொட்டைமாடி_தொலைநோக்கி:
கிரகணம் மிச்சம் கிடக்கிறது போல. நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடும். இரண்டு தளமும் வெட்டும் இடத்துக்கு அருகில் பௌர்ணமி அமைந்தால்தான் கிரகணம். 2025 செப்டெம்பர் 7 போயா இரவு அப்படி அமைந்தது, இரவு 11 மணியிலிருந்து 80 நிமிடத்துக்கு மேல் நிலா செம்பு நிறத்தில் இருந்தது. மகளுக்குக் காட்டினீர்களா?

வெள்ளவத்தை_அம்மா:
இல்லை தம்பி, அன்றைக்கு நித்திரை. எல்லோருக்கும் நன்றி, அமாவாசைக் கேள்வியை இன்று இரவுச் சாப்பாட்டில் கேட்கப்போகிறேன். ஒன்று மட்டும்: நிலா எழும்பும்போது அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அப்போது பக்கத்தில் வருகிறதா?

மொட்டைமாடி_தொலைநோக்கி:
மாறாக அக்கா, உச்சியில் இருக்கும்போதுதான் நமக்குக் கிட்ட, அடிவானத்தில் பூமியின் அரை விட்டம் அளவுக்கு, ஏறத்தாழ 6,400 கிலோமீற்றர், கூடத் தூரம். சராசரித் தூரமே 3,84,400 கிலோமீற்றர் என்பதால் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெரிதாகத் தெரிவது மூளை செய்கிற வேலை. போயா பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போய், சூரியன் கடலில் விழும் நேரம் முதுகைத் திருப்பிக் கட்டடங்களின் பக்கம் பாருங்கள், கையை நீட்டிச் சுண்டுவிரலால் நிலாவை மறையுங்கள். இரவு 11 மணிக்கு உச்சியில் நிற்கும்போதும் அதே விரல் அதே மாதிரி மறைக்கும். பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.