கார் இன்ஜின் சூட்ட தணிக்கற கூலன்ட் குறைஞ்சுகினே இருக்குது, போர் தண்ணி ஊத்தலாமா?

காட்பாடிகாரன்:
அண்ணா, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏலகிரி ஏறிகினு இருந்தோம், ஏசி ஃபுல்லு, 14 வளைவுல ஒம்போது தாண்டல அதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு மேல போயிடுச்சு. ஓரங்கட்டி பாத்தா கூலன்ட் டப்பால MIN-னு போட்ட கோட்டுக்கும் கீழ. குடிக்க வெச்சிருந்த கேன் தண்ணிய ஊத்தி எப்படியோ வந்து சேந்தேன். இந்த மாசத்துல ரெண்டாவது தடவ குறையுது. உள்ள இருக்கறது பச்சை, கடையில ரோஸ்தான் இருக்குது, எல்லாம் ஒண்ணுதான்றான். ஊத்தலாமா? இல்ல வீட்டு போர் தண்ணியே போதுமா, நம்ம ஊர் வெயிலுக்கு இன்னா ஐஸா கட்டப்போவுது?

சத்துவாச்சாரி மெக்கானிக்:
அவசரத்துக்கு கேன் தண்ணி ஊத்துனது தப்பில்ல. போர் தண்ணி மட்டும் வேணாம் தம்பி, வீட்ல வெந்நி வெக்கற குண்டான பாரு, அடியில வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், ரேடியேட்டர் உள்ளயும் அதான் படியும். கூலன்ட் ஐஸுக்கு மட்டும் இல்லப்பா, துரு புடிக்காம காக்கும், கொதிக்கறதயும் தள்ளிப்போடும். பாதிக்கு பாதி கலந்து மூடி நல்லா அழுத்தம் புடிச்சா 120 டிகிரி தாண்டியும் கொதிக்காது. கலர நம்பாத, அது கம்பெனிக்கு கம்பெனி மாறும், வண்டி புக்குல இன்னா டைப் போட்டுக்கீதோ அதான் வாங்கணும். டைப் மாறி கலந்தா சிலது கூழாட்டம் ஆயிடும். கெட்டி கூலன்ட்னா டிஸ்டில்டு வாட்டர் கலக்கணும், ரெடிமிக்ஸ்னா அப்படியே ஊத்து.

குடியாத்தம் டிரைவர்:
எங்க மாமா சூடுல ரேடியேட்டர் மூடிய தொறந்துட்டு முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு, ஒரு மாசம் சோறு ஊட்டிவிட்டோம். அர மணி நேரமாவது ஆறட்டும், மேல் ஹோஸ அமுக்கி பாரு, கல்லாட்டம் இருந்தா கிட்டயே போவாத.

ஆம்பூர் பாய்:
எல்லாரும் இன்னா ஊத்தறதுன்னே பேசறீங்க, போனது எங்க பாய்? அது மூடுன சிஸ்டம், மாசத்துக்கு ரெண்டு தடவ குறையவே கூடாது. காலையில வண்டி அடியில ஈரம் இருக்குதா, முன்சீட் கால்மிதி நனையுதா, டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்கற குச்சி) ஆயில் பால் டீ கலர்ல இருக்குதா பாருங்க. கடைசி சொன்னது இருந்தா ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல்) போயிருக்கலாம், வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

ராணிப்பேட்டை அக்கா:
கழட்டுற பழச சாக்கடையில விடாதீங்கப்பா. தித்திப்பா இருக்கும், நாய் பூனை நக்கிட்டு கிட்னி போயி செத்துடும். வாட்டர் பாட்டில்லயும் புடிச்சு வெக்காதீங்க, பசங்க இருக்கற வீடு.

காட்பாடிகாரன்:
பாய், பாத்துட்டேன். ஆயில் சுத்தமா இருக்குது. கீழ் ஹோஸ் கிளாம்ப் சுத்தி பச்சையா பூத்துக்கினு இருக்குது.

சத்துவாச்சாரி மெக்கானிக்:
அதான் உன் மாச செலவு. ஹோஸு, கிளாம்பு ரெண்டும் மாத்து, அப்படியே மூடி ரப்பரையும் பாத்துடு.