ஈஸ்டர் அன்று வத்திக்கானில் ஆசீர் பெற அம்மாவை அழைத்துப் போகிறேன், வழி சொல்லுங்கள்

மாலைநடை:
அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஈஸ்டர்தோறும் திருத்தந்தை (போப்) தரும் ‘ஊர்பி எத் ஓர்பி’ (லத்தீனில் ‘நகருக்கும் உலகுக்கும்’) ஆசீரை டிவியில் கைகூப்பியபடி பார்ப்பார். இந்த முறை நேரிலேயே பெறட்டும் என்று ரோமுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியாது. அனுமதிச்சீட்டு வேண்டுமா? எத்தனை மணிக்குப் போகணும்?

தேரடி:
ஆசீருக்கு மட்டும் என்றால் சீட்டு தேவையில்லை. மதியம் 12 மணிக்கு பேதுரு பேராலயத்தின் நடு மாடத்தில் திருத்தந்தை வருவார். ஆனால் அம்மா உட்கார வேண்டும் என்றால் காலைத் திருப்பலிக்கே (பூசைக்கே) போய்விடுங்கள். நாற்காலி போடுவது அதற்குத்தான். அதற்குச் சீட்டு உண்டு, முழுக்க இலவசம். திருத்தந்தை இல்ல நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சீட்டில் இருக்கை எண் இருக்காது, முந்தி வருபவர்க்கே இடம். அதனால் விடிந்ததும் கிளம்புங்கள். பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தைச் சுற்றிய தூண்வரிசை அருகே விமான நிலையம் போலவே சோதனை நடக்கும், சின்னப் பையோடு போவது நல்லது. வெயிலுக்குத் தொப்பி அவசியம், சதுக்கத்தில் நிழலே இல்லை.

2025 ஈஸ்டரன்று நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் மாடத்துக்கு வந்தார். குரல் எழும்பவில்லை. வாழ்த்து மட்டும் சொன்னார், செய்தியை வேறொருவர் வாசித்தார். அப்புறம் திறந்த வண்டியில் எங்கள் நடுவே வந்தார். கை தூக்கவே சிரமப்பட்டதைப் பார்த்தேன். மறுநாள் காலை இறந்துவிட்டார். அந்த உடம்போடும் மக்களிடம் வந்தாரே என்று இன்றும் மனம் நெகிழும். அம்மாவைத் தள்ளிப்போடாமல் அழைத்துப் போகிறீர்கள், ரொம்பச் சந்தோஷம்.

கடலோரம்:
ஆசீர் லத்தீனில் இருக்கும். பேதுரு, பவுல் பெயர்களோடு தொடங்கும், அதை வைத்து அம்மா பிடித்துக்கொள்ளலாம். இடையிடையே கூட்டம் முழுவதும் ‘ஆமென்’ சொல்லும், சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு நெதர்லாந்திலிருந்து வரும் பூக்களால் பீடத்தைச் சுற்றி அலங்கரித்திருப்பார்கள், அதையும் காட்டுங்கள்.

மாலைநடை:
மிக்க நன்றி. அன்று காலை அம்மாவுக்கு முடியாமல் போனால்?

தேரடி:
வற்புறுத்தாதீர்கள். விடுதியில் டிவி நேரலையில் பக்தியோடு பெற்றாலும் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) உண்டு என்பது திருச்சபையின் போதனை. பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை பெறுவது, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபம், இந்த நிபந்தனைகள் நேரில் நிற்பவருக்கும் அதேதான். முடிந்தால் நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். இல்லையென்றால் மெட்ரோ ஏ தடத்தில் ஒத்தாவியானோ நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து பத்து நிமிட நடை. அம்மாவின் நடைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.