டிக்கோயாவில் நட்சத்திரக் கள்ளி வளர்த்த அனுபவம்

இலங்கை மலைநாட்டில் நட்சத்திரக் கள்ளி தங்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தங்கும், ஆனால் வைகாசி பிறந்த பிறகு அதன் மேல் ஒரு துளி மழை விழக்கூடாது. அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ் என்ற இந்த முள்ளில்லாக் கள்ளியின் பூர்வீகம் டெக்சாஸின் தென்கோடியும் வடகிழக்கு மெக்சிக்கோவும். அங்கே புதர் நிழலில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்கும். குளிரை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால்தான் போய்விடும். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் பரவுகிற மழைப் பருவமே இதற்கும் கண்டம்.

(கள்ளிக் குடும்பத்தில் ஈரத்தை விரும்புகிறவையும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளியான ரிப்சாலிஸ் பாசிஃபெரா நம் இலங்கைக் காடுகளிலேயே மரக்கிளைகளில் தொங்குகிறது.)

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். தேயிலை மண்ணின் அமிலம் இதற்கு ஒத்துவராது. கழுவிய பருமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் இலைமக்கு ஆகியவற்றோடு தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலைக்குப் போடும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளில் ஒரு சிட்டிகை சேர்க்கிறேன்.

அடிப்பகுதி பழுப்பாக மாறினால் பலரும் பதறுகிறார்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். மரப்பட்டை போல இறுகியிருந்தால் அது வயதின் அடையாளம், விட்டுவிடலாம். விரல் அமுங்கினால் அழுகல். அன்றே கத்தி எடுக்க வேண்டும்.

பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) அக்கா கொழும்பில் வாங்கிவந்த செடி டிராகன் பழத் தண்டில் ஒட்டுக்கட்டியது. தை மாதக் குளிரில் அந்தத் தண்டு கறுத்துக் கொழகொழத்துவிட்டது. டிராகன் தண்டு வெப்பமான ஊருக்கு ஏற்றது; மலைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே இருந்த கள்ளியை நிறம் மாறாத சதை தெரியும்வரை சீவினேன். வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு சிறு வளையம் தெரியும். புதிய அடித்தண்டாக நான் எடுத்த நாகதாளி மட்டையின் வெட்டிலும் அதே வளையம் உண்டு. இரண்டும் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, ரப்பர் பட்டியால் கட்டி நிழலில் வைத்தேன். ஒட்டு பிடித்துக்கொண்டது. அக்கா இப்போது அதை யாரையும் தொடவே விடுவதில்லை!

எனக்குக் கைகொடுப்பது ரயில்தான். தென்மேற்கு மழை எங்கள் பக்கம் கொட்டும்போது மலைக்கு அப்பால் கிழக்கே உள்ள ஊவா காய்ந்து கிடக்கும். அதனால் மழை பிடிக்குமுன் தொட்டிகளைப் பெட்டியில் அடுக்கி, ஹட்டனில் ஏறி, பண்டாரவளையில் இருக்கும் அண்ணியிடம் ஒப்படைக்கிறேன். பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்வரை ஜன்னலில் மூடுபனி அப்பிக்கிடக்கும். ஒஹியப் பக்கம் வெளியே வந்தால் பல நாட்களில் வெயில் கண்ணைக் கூசும். ஐப்பசி மழை ஊவாவைப் பிடிப்பதற்குள் திரும்பக் கொண்டுவந்து கூரைக்குள் வைத்துவிடுவேன். மார்கழி, தை இரவுகளில் தண்ணீரே கிடையாது. செடி வற்றித் தட்டையாகி மண்மட்டத்துக்கு இறங்கும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அது. பங்குனி வெயிலில் தண்ணீர் காட்டினால் மீண்டும் உப்பி, சிவந்த நடுவோடு மஞ்சள் பூ விரிக்கும்.

தன் மகரந்தத்தால் அது காய்ப்பதில்லை. விதை வேண்டுமானால் இரண்டு செடிகள் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். விதை புதிதாக இருந்து சூடும் கிடைத்தால் சில நாட்களிலேயே முளைத்துவிடும். தயவுசெய்து விதையில் வளர்த்த செடியையே வாங்குங்கள். காட்டில் பிடுங்கிய செடிகளின் வணிகத்தைத் தடுக்கத்தான் 1987இல் இதை, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். 1993இல் அமெரிக்கா இதை அழிவுநிலை இனமாக அறிவித்தது. போதை தரும் கள்ளியான பெயோட்டி என்று தவறாக எண்ணியும் அங்கே பிடுங்குகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று, தழும்பேறிய பெரிய செடியை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகளில் இதை வெளித்திண்ணையில் வைத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தால், எதைக் கொண்டு மூடினீர்கள் என்று எழுதுங்கள். அங்கே உள்ள ஒரு டீச்சருக்கு என் நாற்றுகளில் சிலவற்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.