சிங்கப்பூரில் மறுபடியும் சைக்கிளில் வேலைக்கு: பிடோக்கிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ்

கிழக்குக்கரை:
கோவிட் சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதோடு நின்றுபோன பழக்கம், இப்போது மறுபடி தொடங்கலாம் என்று இருக்கிறேன். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கிடந்த வண்டியைக் கடையில் கொடுத்து செயின், கேசட் (பின்சக்கரப் பல்சக்கரங்கள்), கேபிள், பிரேக் கட்டை எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. ஹெல்மெட், லைட், கேரியரில் மாட்டும் பை எல்லாம் புதுசு. பிடோக் சவுத் வழியாக இறங்கி ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, மரினா பேரேஜ், அப்புறம் ஆபீஸ். குளிக்க அங்கேயே இடம் உண்டு. டயரையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர், அது தேயவே இல்லையே, அவசியமா?

சங்கிலிக்காரன்:
மாற்றிவிடுங்கள் அண்ணே. ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்று இல்லை, சும்மா கிடந்தாலே காய்ந்துபோகும். காற்றை நன்றாக அடித்துவிட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அப்புறம் பேச்சே இல்லை.

புதுக் கேபிள் முதல் சில வாரத்தில் கொஞ்சம் தளரும். கியர் தானாகத் தாவினால் கடைக்காரரைத் திட்டாமல், கேபிள் முனையில் இருக்கும் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். புது பிரேக் கட்டையும் முதலில் மந்தமாகத்தான் பிடிக்கும், ஆள் இல்லாத இடத்தில் வேகமெடுத்து நிறுத்தி நிறுத்திப் பழக்கிவிட்டு ரோட்டில் இறங்குங்கள்.

உங்கள் வழியில் உப்புக்காற்றும் மணலும்தான் செயினுக்கு எமன். நம் ஆட்கள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார்கள், அது மணலைத்தான் இழுக்கும். கண்ணிக்கு ஒரு சொட்டு, ஊறியதும் வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மழைக்குத் தாங்குகிற வகை எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள்.

தெம்பனிஸ் அக்கா:
விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் நிறுத்திய பிறகு சில மாறியிருக்கின்றன. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதைக்கு ஒட்டியபடி இருக்கும் பாதசாரிகள் பாதையில் ஓட்டக்கூடாது. மற்ற நடைபாதைகளில் அதிகபட்சம் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம், பூங்கா இணைப்புப் பாதையில் 25. சொல்லப்போனால் காலையில் நாயோடு நடப்பவர்கள், ஓடுபவர்கள் இருக்கிற இடத்தில் 25-ஐத் தொடுவதே கஷ்டம், நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளுங்கள். ரோட்டில் ஹெல்மெட் 2019 முதல் கட்டாயம், அது உங்களிடம் இருக்கிறது, சரி.

மழைக்கோட்டு:
யாரும் மழையைப் பற்றிச் சொல்லவில்லையே! ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை சரியாக நீங்கள் கிளம்புகிற நேரத்தில்தான் அடிக்கும். கடற்கரையில் அந்தக் காற்றை எதிர்த்து மிதிப்பதெல்லாம் வீரம் இல்லை, கூரை பார்த்து ஒதுங்குங்கள், இடி இருந்தால் மரத்தடி வேண்டாம். மடிக்கிற சைக்கிள் என்றால் எம்ஆர்டி ரயிலில் ஏற்றலாம், மடித்த பிறகு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது முழு வண்டி, அதனால் நிலையத்தில் பூட்டிவிட்டு ரயில் ஏறும்படி நல்ல பூட்டு ஒன்று பையிலேயே இருக்கட்டும். மட்கார்டு இருக்கிறதா?

கிழக்குக்கரை:
இல்லை, போட்டுவிடுகிறேன். டயர் 28 மில்லிமீட்டர் அகலம் இருந்தது, 32 போடலாமா?

சங்கிலிக்காரன்:
32 நல்லது, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் குலுக்கலும் குறையும். ஆனால் மட்கார்டும் வரப்போகிறது என்கிறீர்கள், ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) டயருக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று முதலில் அளந்துவிட்டு வாங்குங்கள்.