140 பேர் ஆதரவுக் கையொப்பம் போட்டும் எங்கள் மொழி விக்கிப்பீடியா ஏன் திறக்கவில்லை?

வீட்டுமொழி எழுதியது:

வணக்கம். என் தாய்மொழியில் விக்கிப்பீடியா வேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன் மேல்விக்கியில் (விக்கித் திட்டங்களுக்கான பொதுத் தளம்) கோரிக்கை வைத்தேன். மொழியின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால் அது தனி மொழியா, வட்டார வழக்கா என்று பேச்சு திசை மாறிவிடும். ஏற்கெனவே ஒரு முறை அப்படி ஆயிற்று. உலக மொழிகளுக்குக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 639-3 பட்டியலில் அதற்கென்று மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது.

கோரிக்கைப் பக்கத்தில் 140 பேர் ஆதரவுக் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பேசி, கணக்குத் தொடங்க உதவி செய்து நான் சேர்த்தது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டு மாதத்தில் "தகுதியுடையது" என்று நிலையை மாற்றினார்கள். அன்றைக்கே அம்மாவிடம் "நம்ம பாஷையில வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஆறு மாதமாக ஓர் அசைவும் இல்லை. புதிய மொழி விக்கிகளைச் சோதனையாக எழுதிப் பார்க்கும் இன்குபேட்டர் தளத்தில் இப்போது 212 கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலும் நானும் என் தங்கையும் எழுதியவை.

இதை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து? 140 பேர் கேட்டும் போதாது என்றால் இன்னும் எத்தனை பேர் வேண்டும்? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இரண்டு எழுத்துமுறைகளில் எழுதுகிறார்கள். எதில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள்?

அம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது "எப்போ திறக்கும்" என்று கேட்கிறார். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்பிணைப்பு எழுதியது:

தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒரு சிறு மொழிக் குழுவோடு நான்கு ஆண்டுகள் இன்குபேட்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 140 கையொப்பத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். கோரிக்கைப் பக்கத்தில் நடப்பது வாக்கெடுப்பு இல்லை. அங்கே காரணங்களைப் படிப்பார்கள், தலைகளை எண்ண மாட்டார்கள். முடிவெடுப்பது மொழிக் குழு என்ற சிறிய தன்னார்வலர் குழு. அவர்கள் ஒப்புதல் தந்து, விக்கிமீடியா அறங்காவலர் குழுவுக்கும் தெரிவித்து, அங்கிருந்து மறுப்பு வராவிட்டால் தளம் திறக்கும்.

ஒரு காலத்தில் கை தூக்குவதுதான் வழி. அப்படித்தான் 2006-இல் சைபீரிய மொழி என்ற பெயரில் ஒரு விக்கிப்பீடியா திறந்தது. அது யாருடைய தாய்மொழியும் இல்லை. வட ரஷ்ய வட்டார வழக்குகளை வைத்து அண்மையில் உருவாக்கிய ஒன்று. அடுத்த ஆண்டே மூட வேண்டியதாயிற்று. ஆதரவு திரட்டத் தெரிந்தவர்கள் திரட்டிவிடுவார்கள், ஆனால் கட்டுரை எழுத யார் வருவார்கள் என்று வாக்கு எண்ணிக்கையில் தெரியாது. மொழிக் குழு அமைந்ததும் அதே 2006-இல்தான்.

மூன்றெழுத்துக் குறியீட்டைக் கேட்பதற்கும் நல்ல காரணம் உண்டு. 639-3 குறியீடுகளை வழங்குவது எஸ்ஐஎல் இன்டர்நேஷனல் என்ற மொழி ஆய்வு அமைப்பு, விக்கிமீடியா இல்லை. எது மொழி, எது வழக்கு என்ற சண்டையைத் தொகுப்பாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டிருந்தால் ஒருநாளும் முடியாது. ஆகவே வெளியிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். குறை இல்லாத அளவுகோல் என்று சொல்ல மாட்டேன். குறியீடு இல்லாத மொழிக்காரர்கள் முதலில் அங்கே விண்ணப்பிக்க வேண்டும், அது ஆண்டுக்கு ஒரு சுற்றாக நடப்பது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

"தகுதியுடையது" என்றால் திறக்கப் போகிறோம் என்று பொருள் இல்லை. இந்த மொழிக்கு ஒரு விக்கி இருக்கலாம், வேலையைச் செய்து காட்டுங்கள் என்று பொருள். அதற்கப்புறம் பார்ப்பது மூன்று: இன்குபேட்டரில் தொடர்ந்து வேலை நடக்கிறதா, மென்பொருளின் இடைமுகத்தை (பொத்தான்கள், அறிவிப்புகள் போன்றவற்றை) மொழிபெயர்த்திருக்கிறீர்களா, எழுதியிருப்பது உண்மையிலேயே அந்த மொழிதானா. கடைசியை அந்த மொழி தெரிந்த வெளியாள் ஒருவரிடம் காட்டி உறுதி செய்வார்கள்.

நீங்கள் முட்டி நிற்பது முதலாவதில் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சோதனை விக்கிக்கும் மாதவாரியாக ஓர் அட்டவணை எடுக்கலாம். யார், அந்த மாதம் எத்தனை தொகுப்பு (பக்கத்தில் செய்து சேமித்த மாற்றம்) என்று வரும். பத்துக்குக் கீழே செய்தவர்களின் பெயர் மங்கலாகத் தெரியும். பத்தும் அதற்கு மேலும் செய்தவர்கள் குறைந்தது மூன்று பேராவது, விட்டுப் போகாமல் பல மாதங்கள் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான எதிர்பார்ப்பு. உங்கள் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நீங்களும் தங்கையும் மட்டும் பளிச்சென்று இருப்பீர்கள். 212 கட்டுரைகளும் இரண்டு பேருடைய உழைப்பு என்பது அங்கே அப்படியே தெரியும்.

எங்களுக்கும் அந்த மூன்றாவது ஆள்தான் பெரும்பாடு. மூன்று பேர் வந்து, ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் நிலைத்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. நாங்கள் எழுதியதைப் படித்து, குறில் நெடில் திருத்துவார். "நிழல்" என்பதற்கு நாங்கள் எல்லா இடத்திலும் கடன் சொல்லைப் போட்டு வைத்திருந்தோம். ஒரு நாள் உட்கார்ந்து பதினேழு கட்டுரைகளில் அதை மாற்றினார். தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது மாற்றத்தோடு எழுதும் குறிப்பில், ஒவ்வொரு முறையும் ஒரே வரி: "நம்மிடமே இருக்கிறது." அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அந்த மாதம் அட்டவணையில் அவர் பெயரும் எங்களைப் போலவே பளிச்சென்று வந்தது.

அதனால் உங்கள் 140 பேரில் கட்டுரை எழுதக்கூடியவரைத் தேடாதீர்கள். படித்துவிட்டு "இப்படிச் சொல்ல மாட்டோமே" என்று சொல்லக்கூடியவரைத் தேடுங்கள்.

எழுத்துமுறைக்கு ஒரே விடை கிடையாது. சந்தாலியை வங்காளம், தேவநாகரி, ஒடியா, ரோமன் என்று பலவற்றில் எழுதி வந்திருக்கிறார்கள். 2018-இல் சந்தாலி விக்கிப்பீடியா திறந்தபோது அதற்கென்றே உருவான ஓல் சிக்கி எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கோவா கொங்கணியில் ஒரே விக்கியில் பல எழுத்துகளிலும் கட்டுரைகள் இருக்கின்றன. பஞ்சாபிக்குக் குர்முகி எழுத்துக்கு ஒன்று, ஷாமுகி எழுத்துக்கு ஒன்று என்று இரண்டு விக்கிகள். செர்பிய விக்கியில் சிரிலிக்கையும் லத்தீனையும் மென்பொருளே மாற்றிக் காட்டிவிடும். எந்த எழுத்தாக இருந்தாலும் சரி, உங்களுக்குள் பேசி முடிவெடுத்து அதை இன்குபேட்டர் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு வருபவர் அங்கேயே பார்த்துக்கொள்வார்.

வார்ப்புரு எழுதியது:

அக்கா சொன்னதில் இடைமுகம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இது உங்கள் மொழியின் முதல் விக்கி என்பதால் இடைமுகத்தை மொழிபெயர்க்கும் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மிக அதிகம் பயன்படும் செய்திகளை முடித்தாக வேண்டும். "சேமி", "வரலாறு", "உரையாடல்" மாதிரி சில நூறு. ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். "$1 பக்கங்கள்" என்று வரும் இடத்தில் ($1 என்பது எண் வந்து உட்காரும் குறி) ஒன்று என்றால் ஒருமை, மற்றதற்குப் பன்மை என்று இரண்டும் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் அந்தக் குறியைச் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டார், எண் வரவேண்டிய இடத்தில் வெறும் வார்த்தை நின்றது. "தொகு" என்பதற்கு என்ன சொல் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நிற்கப்போகும் சொல் அது.

இன்னொன்று முக்கியம். எண்ணிக்கையைக் கூட்ட இயந்திர மொழிபெயர்ப்பைத் தொடவே வேண்டாம். 2020-இல் ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் மொழி தெரியாத ஒரே பயனர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியிருந்தது தெரியவந்தது. அதைச் சுத்தம் செய்ய மற்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2025-இல் கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூட முடிவெடுத்தார்கள். மூடச் சொன்னது வெளியாள் இல்லை, அங்கேயே நிர்வாகியாக இருந்தவர். மொழி தெரியாதவர்கள் இயந்திரத்தில் போட்டு எடுத்ததுதான் பக்கங்களில் குவிந்திருந்தது. பேசுபவர்கள் குறைவாக இருக்கும் மொழியில் தவறான ஒரு வாக்கியம் இணையத்தில் ஏறிவிட்டால் அதைத் திருத்த ஆளிருக்காது. உங்கள் 212-ம் நீங்கள் கையால் எழுதியவை என்றால், மொழி தெரிந்தவரிடம் காட்டும் நாளில் அதுதான் உங்களுக்குத் துணை.

வீட்டுமொழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அட்டவணையை இப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். அக்கா சொன்னபடியேதான் இருக்கிறது. எட்டு மாதத்தில் மூன்று பேர் பளிச்சென்று இருந்தது ஒரே ஒரு மாதம்.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மொழியை நன்றாகப் பேசுபவர்கள் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களுக்குத் தட்டச்சு வராது. தட்டச்சு வருபவர்களுக்கு மொழி பாதிதான் வரும். இப்படிப்பட்ட மொழிக்கும் மாதம் மூன்று பேர் என்று கேட்பது நியாயமா? நாங்கள் மூன்று பேரைத் தேடி முடிப்பதற்குள் அம்மா காலத்துச் சொற்களெல்லாம் போய்விடும்.

சிவப்பிணைப்பு எழுதியது:

நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை தம்பி. எங்கள் குழுவும் இதையே கேட்டது. இந்த அளவுகோல் விக்கி தாங்குமா என்று பார்க்கிறது, மொழிக்கு எவ்வளவு அவசரம் என்று பார்ப்பதில்லை. ஆனால் ஆளில்லாமல் திறந்த விக்கிகளை நான் பார்த்திருக்கிறேன். அண்மைய மாற்றங்கள் பக்கம் முழுக்க விளம்பரக் குப்பையாக இருக்கும், நீக்குவதற்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்கள் அம்மா அதைத் திறந்து பார்க்கும்படி ஆகக்கூடாது.

துளு 2008-இல் இன்குபேட்டரில் தொடங்கி 2016-இல்தான் தனி விக்கியானது. எட்டு ஆண்டு. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அத்தனை நாளும் அந்தக் கட்டுரைகள் அங்கேயே இருந்தன, யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. உங்களுடையதும் அப்படித்தான். கட்டுரைத் தலைப்புக்கு முன்னால் குறியீட்டோடு ஒரு முன்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒப்புதல் வந்ததும் எல்லாப் பக்கங்களையும் வரலாற்றோடு இறக்குமதி செய்து அந்த முன்னொட்டை எடுத்துவிடுவார்கள். எழுதியது எதுவும் வீணாகாது. முன்னொட்டு இல்லாமல் பக்கம் தொடங்கிவிடாதீர்கள், அது எந்த மொழிக்குச் சேர்ந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

அம்மாவுக்குத் தட்டச்சு வரவில்லை என்றால் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவதை அவர் கணக்கில், அவர் எதிரிலேயே தட்டச்சு செய்யுங்கள். அவர் கண் முன்னால், அவர் சொன்னபடி மட்டும். அதை அவருடைய பயனர் பக்கத்தில் வெளிப்படையாக எழுதி வையுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. கோரிக்கையின் உரையாடல் பக்கத்திலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், யாருக்காவது மறுப்பு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

வீட்டுமொழி எழுதியது:

நேற்றிரவு அம்மாவை உட்கார வைத்து "மழை" கட்டுரையைப் படித்துக் காட்டினேன். நாலாவது வரியிலேயே நிறுத்தச் சொன்னார். தூறலுக்கும் சாரலுக்கும் நான் ஒரே சொல்லை எழுதியிருந்தேன். எங்கள் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறதாம், விடாமல் கொட்டுவதற்கு மூன்றாவதாக ஒன்று. அவர் பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டோம். நீங்கள் சொன்னபடி உரையாடல் பக்கத்திலும் எழுதிவிட்டேன். முதல் நாளே ஆறு தொகுப்பு.

தங்கைக்கு இந்த மாதம் ஒன்பது. மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது, அவளிடம் சொல்லியிருக்கிறேன்.