பாக் விரிகுடாவுக்கு இரு நாடுகளும் சேர்ந்து கடல்வெளித் திட்டம் வகுக்க இயலுமா?

கேள்வி (காசிமேடு வாசகர்):
பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், நார்வேயுடன் இணைந்து புதுச்சேரிக்கும் லட்சத்தீவுக்கும் கடல்வெளித் திட்டப் பணியை மேற்கொண்டதைப் படித்தேன். கப்பல் செல்லும் வழி எது, மீன்பிடிக்க எந்த இடம், எதைப் பாதுகாக்க வேண்டும் என்று வரைபடத்தில் வகுப்பதே இம்முறை. 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லையை வரையறுத்துவிட்ட நிலையில், இலங்கையோடு சேர்ந்து பாக் விரிகுடாவுக்கும் இப்படி ஒன்றை வகுக்க இடமுண்டா?

பதில் 1 (திருவான்மியூர்):
உண்டு, ஐயா. எல்லை வேறு, திட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பிறப்பித்த நெறியாணையின்படி ஒவ்வொரு கடலோர நாடும் தன் கடலுக்குத் தானே திட்டம் வகுக்கிறது. ஆனால் கடலைப் பகிரும் அண்டை உறுப்பு நாடுகளோடு ஒத்துழைத்தே வகுக்க வேண்டும். ஒரு நாடு கப்பல் வழியாக ஒதுக்கிய இடத்தின் நேர்த்தொடர்ச்சியில் அடுத்த நாடு காற்றாலைகளை நட்டுவிட்டால் இரண்டு திட்டங்களுமே வீணாகிவிடும் அல்லவா? பால்டிக் நாடுகள் இதற்கென 2010-லேயே கூட்டுப் பணிக்குழு அமைத்துவிட்டன.

பதில் 2 (ராயபுரம், சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம்):
ஐரோப்பாவை நோக்குமுன் நம் கரையையும் பார்க்க வேண்டும். பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று கடலை நாள் கணக்கில் பகிரும் முறை நெடுநாளாக உண்டு. அதுவும் கடல்வெளித் திட்டமே என்பது என் கருத்து. எங்கள் அப்பா நாட்டுப்படகுக்காரர். விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) அரித்துச் சென்ற மறுநாள், அவர் வலையில் வேரோடு பிய்ந்த கடற்புல் கொத்துக் கொத்தாக ஏறிவரும்; அதை உதறிப் பிரிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அந்தப் புல்லை மேய்வது ஆவுளியா எனும் கடற்பசு. அதற்காகத் தமிழ்நாடு 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது, ஆனால் ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாது. இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. நாம் அதைக் கைவிடாமல், யாழ்ப்பாணத்துச் சிறுபடகுக்காரர்களைக் கூட்டுத் திட்டம் பேச அழைப்பது எப்படி நியாயமாகும்?

பதில் 3 (அடையாறு):
ராயபுரம் அம்மா கூறுவதை ஏற்கிறேன். சேர்ந்து பேசுவதற்கான இடம் சென்னையிலேயே இருக்கிறது: இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகியவை உறுப்பினர்களாக உள்ள, மீன்வளத்துக்கான வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பின் தலைமையகம் இங்குதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. என் கேள்வி எல்லைக்கோட்டிலிருந்து தொடங்கியது தவறு; இழுவை மடியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அம்மா, உங்கள் பக்கத்தில் விசைப்படகுக்காரர்கள் மாற்றுத் தொழிலாக எதை ஏற்பார்கள் என்பதையும் எழுதுங்கள்.