‘ரிட்டர்ன் வருது’ என்பதற்கு வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் இங்கே தமிழ்வழி படித்த பையன்களுக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் வகுப்பு எடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பெரும்பாலும் வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். படிப்பு முடிந்ததும் வளைகுடாவுக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறார்கள். அங்கே அமெரிக்க பிக்கப் வண்டிகளும் அவற்றின் பின்னால் படகு டிரெய்லர்களும் கேரவன்களும் உண்டு. அதனால், டிரெய்லர் வயரிங்கும் எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலரும் (டிரெய்லர் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் பெட்டி) பொருத்திய பிறகு வண்டியில் வரும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது பற்றித் தமிழில் 40 பக்கக் கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: வழி தவறித் திரும்பி வரும் கரண்டுக்கான சொல்.

டிரெய்லரின் வெள்ளை வயர், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த், எங்கோ துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். இடது இண்டிகேட்டரைப் போட்டால் மஞ்சள் வயர் வழியாகக் கரண்ட் இடது பல்புக்குள் போகிறது. இழையைக் கடந்த பிறகு திரும்பிப் போக வழியில்லை. அதே பல்பில் டெயில் லேம்ப்புக்கான இன்னொரு இழை இருக்கிறது. அதில் தலைகீழாக நுழைந்து, டெயில் லேம்ப்பின் பழுப்பு வயரில் பின்னோக்கிப் போய், காரின் சொந்த டெயில் லேம்ப்புகள் வழியாக எர்த்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு இண்டிகேட்டரைப் போட்டால் டிரெய்லர் விளக்கெல்லாம் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகிறது. ஹெட்லைட் போடாத வண்டியில் பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்கு எரிகிறது.

போன மாதம் அப்படி ஒரு வண்டி எங்களிடம் வந்தது. வேறொரு பட்டறையில் மூன்று நாள் நின்று, புது கன்ட்ரோலர்தான் கெட்டது என்று அதையும் மாற்றியிருந்தார்கள். எங்கள் பையன் ஒருவன் பேட்டரி மைனஸிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு நீள வயர் ஒன்றை நேராகப் பிடித்தான். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. கோளாறு ஒரு போல்ட்டுக்கு அடியில் பெயிண்டும் துருவுமாக இருந்தது.

இப்படி வழி தவறித் திரும்பி வரும் கரண்டுக்குத் தமிழில் என்ன சொல்ல? கையேட்டைச் சரிபார்த்த நண்பர் ‘பின்னூட்டம்’ என்று போட்டுவிட்டார். என்னால் ஏற்க முடியவில்லை.

களியக்காவிளை, திங்கள் மதியம்

பின்னூட்டம் கூடவே கூடாது, ஐயா. அது ஃபீட்பேக். ஆம்ப்ளிஃபயர் பாடத்தில் ஒரு பொருளும் வலைப்பதிவில் இன்னொரு பொருளும் ஏற்கெனவே அதற்கு உண்டு. மூன்றாவதையும் ஏற்றினால் சொல் ஒடிந்துவிடும்.

நான் மொழிபெயர்த்த பம்ப்செட் கையேடு ஒன்றில், தண்ணீர் திரும்பி வருவதற்குப் ‘பின்பாய்வு’ என்று எழுதினேன். அதையே இங்கும் வைக்கலாம். புரியும், கேட்கவும் உறுத்தாது.

செங்கோட்டை, திங்கள் இரவு

அன்புடையீர்,

‘பாய்தல்’ பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புலி பாயும். வாய்க்கால் வயலில் பாயும். இரண்டிலும் வேகமோ நோக்கமோ இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைத் தம்பி சொல்லும் கரண்ட் அப்படிப்பட்டது அல்ல. வழி அடைபட்டதால் சந்து தேடி ஊர்ந்து மேலே வருவது. அதற்குப் பாய்வு பொருந்தாது.

‘மறுகால்’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஏரி குளம் நிறைந்தால் மறுகால் பாயும், அழகான சொல். ஆனால் மறுகால் என்பது மிகுந்த நீர் முறையான வழியில் வெளியேறுவது. கலிங்கு கட்டி வைத்த வழி அது. இங்கே நடப்பது முறைகேடு.

என் மனத்தில் நிற்பது ‘எதிரேற்றம்’. வைகையில் சம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஏடு ஒதுங்கிய இடம் திருவேடகம். இயல்பான ஓட்டத்துக்கு எதிராக ஒன்று மேலே போவதற்குத் தமிழன் ‘எதிரேறுதல்’ என்று சொல்லிப் பழகிவிட்டான். எதிர் என்ற வேர் மலையாளத்தில் அப்படியே உண்டு, கன்னடத்தில் எதுரு, தெலுங்கிலும் அதே. எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு எது வரும்?

நகரி, செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கம். நான் படித்தவன் இல்லை, ஆட்டோ எலக்ட்ரீஷியன். இங்கிருந்து புத்தூர் வரைக்கும், அந்தப் பக்கம் திருத்தணி வரைக்கும் எந்தக் கடையில் கேட்டாலும் ‘ரிட்டர்ன் வருது’ என்றுதான் சொல்வார்கள். வீட்டு வயரிங்கிலும் அதேதான். நியூட்ரல் விட்டுப்போனால் பிளக்கில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், ‘ரிட்டர்ன் சப்ளை’ என்பான். தமிழ்க்காரன், தெலுங்குக்காரன் இரண்டு பேருக்கும் புரிகிற சொல்லை எடுத்துவிட்டு ஏட்டுக் கதையில் இருந்து ஒரு சொல் கொண்டுவந்தால், வேலை தேடிப் போகிற பையன்தான் கஷ்டப்படுவான். செங்கோட்டை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

செங்கோட்டை, செவ்வாய் மதியம்

கோபம் இல்லை, தம்பி. வருத்தம்தான். தொல்காப்பியர் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்குக்கும் இடம் விட்டிருக்கிறார். உரைகாரர்கள் திசைச்சொல் வழங்கும் நிலங்களில் குட்டநாட்டையும் குடநாட்டையும் மலைநாட்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எங்கள் ஊரே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அக்கம்பக்கத்துச் சொல்லுக்கு என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ரிட்டர்ன் அந்த வகை அல்ல.

களியக்காவிளை, செவ்வாய் மாலை

ஐயா, இந்தச் சண்டை நமக்கு முன்பே நடந்திருக்கிறது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல் ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். இன்று சாஸ்திரம் அறிவியலாகவும் பரிபாஷை கலைச்சொல்லாகவும் ஆகிவிட்டன. சொல் மாறிக்கொண்டேதான் இருக்கும். இன்று வகுப்பில் எது நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்வோம்.

கொழிஞ்சாம்பாறை, செவ்வாய் இரவு

நகரி அண்ணா சொன்னதை நானும் நினைத்தேன். பட்டறையில் நானே அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் கையேட்டில் அது உதைக்கிறது. வெள்ளை வயரைப் பற்றிச் சொல்லும்போது ‘இதுதான் ரிட்டர்ன் லைன்’ என்கிறேன். அது சரியான வழி. அடுத்த பக்கத்தில் ‘ரிட்டர்ன் வருது’ என்றால் தவறான வழி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே பெயர். இரண்டு பையன்கள் இதைக் கேட்டே விட்டார்கள்: “சார், ரிட்டர்ன் இருக்கணுமா, இருக்கக் கூடாதா?” அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த மடலையே எழுதினேன்.

குமுளி, புதன் காலை

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் மூன்று செய்திகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எர்த். கையேட்டில் சில இடங்களில் ‘புவியிணைப்பு’ என்று பார்த்தேன். காரில் புவி எங்கே இருக்கிறது? நான்கு ரப்பர் டயர்மேல் நிற்கும் வண்டி. சட்டம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை அது. பையனுக்குப் புவி என்று சொல்லிக்கொடுத்தால், டிரெய்லரிலிருந்து ஒரு கம்பியை மண்ணில் ஊன்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பான். ‘மீள்தடம்’ என்று போடுங்கள். பாதை அறுந்தது என்பது சொல்லிலேயே தெரியும்.

இரண்டாவது, விளக்கோடு நிறுத்திவிட்டீர்கள். பிரேக்கையும் சேருங்கள். பெரிய டிரெய்லரில் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மின்காந்தம், அதாவது பிரேக் காந்தம், ஒன்று ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு அச்சு, நான்கு காந்தம் என்றால் 12 ஆம்பியர். பிரேக்குக்கான நீல வயரில் போவது முழுவதும் அந்த ஒரே வெள்ளை வயரில்தான் திரும்ப வேண்டும். அது அறுந்தால் காந்தக் கரண்டும் பல்புகள் வழியாகத்தான் ஏறப் பார்க்கும். பல்பு இழை அவ்வளவு கரண்டை விடாது. விளக்கு தப்பாக எரிவது மட்டும் அல்ல, பிரேக்கும் பிடிக்காது. இன்னொன்று, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கிக் குண்டு வழியாகக் கொஞ்சம் தொடர்பு கிடைத்துக்கொண்டிருந்தால் நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதுதான் கோளாறு தலைகாட்டும். விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். பல வோல்ட் காட்டினால் அங்கேதான் வெட்டு.

மூன்றாவது, சொல். எதிரேற்றத்தை நான் எதிர்க்கிறேன். அறிவியல் தமிழில் எதிர்மின்வாய், எதிர்மின்னி என்று எதிர் வந்தாலே நெகட்டிவ். ஏற்றம் வந்தால் மின்னேற்றம், அதாவது சார்ஜ். இரண்டும் சேர்ந்த எதிரேற்றத்தைப் பையன் நெகட்டிவ் சார்ஜ் என்றுதான் படிப்பான். அதற்குப் பதில் ‘எதுக்களிப்பு’. சாப்பிட்டது கீழே இறங்காமல் தொண்டைக்கு வந்தால் எதுக்களிக்கிறது என்கிறோம். போக வேண்டியது போக வழியில்லாமல் வந்த வழியே மேலே வருவது. இதைவிடத் துல்லியமாக என்ன வேண்டும்?

செங்கோட்டை, புதன் மதியம்

எதுக்களிப்பிலும் உள்ளே இருப்பது எதிர்தான் என்பது என் துணிபு. ஆனாலும் நோய்ச்சொல். பாடப்புத்தகத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை.

மின்னேற்றக் குழப்பம் உண்மையானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ‘எதிரேறல்’. ஏற்றம் என்றால் ஒருவர் ஏற்றுவது. கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றம், பார ஏற்றம். இந்தக் கரண்டை யாரும் ஏற்றவில்லை, தானே ஏறுகிறது. தன்வினைக்கு ஏறல். இலக்கண நூல்கள் தொழிற்பெயர் விகுதிகளைச் சொல்லும்போது தல்லுக்கு அடுத்தே அல்லை வைத்திருக்கின்றன.

களியக்காவிளை, புதன் மாலை

ஏற்றம் பிறவினைக்கு மட்டும் என்பது சரியா, ஐயா? மாறு மாற்றம் ஆகிறது, தோன்று தோற்றம் ஆகிறது. இரண்டும் தன்வினைதானே. விலையேற்றத்தையும் விலை தானே ஏறுவதாகத்தான் பேசுகிறோம். ஆனால் எதிரேறல் நல்ல சொல். காரணம் வேறாக இருந்தாலும் என் வாக்கு அதற்கே. பின்பாய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் இரவு

இன்று கரும்பலகையில் எல்லாச் சொல்லையும் எழுதிவிட்டுப் பழுது பார்க்கும் மேசைக்குப் போனோம். வேண்டுமென்றே வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு, பார்த்ததை ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. பட்டறையில் யாரும் பெயர்ச்சொல்லாகப் பேசுவதில்லை. மீட்டரைப் பிடித்துக்கொண்டே ஏதோ ஒன்று ‘நடக்குது’ என்றுதான் சொல்கிறார்கள். ‘பின்பாயுது’ என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. ‘எதிரேறுது’ தானாக வந்தது. ‘பிரவுன்ல எதிரேறுது சார்’ என்று ஒருவன் கத்தினான். ‘எதுக்களிக்குது’ என்றும் வந்தது. குமுளி ஐயாவுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். வினையாக வளைந்து கொடுக்காத சொல் கையேட்டில் இருந்தாலும் கைக்கு வராது என்பதை இந்த ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. ஒரு பையனின் தாய்வீடு குட்டநாடு. எதிரேறல் என்றதும், ‘வேலியேற்றம் மாதிரியா சார்?’ என்றான். மலையாளத்தில் கடல் ஏற்றத்துக்கு அதுதான் பெயர். பழந்தமிழில் வேலை என்றால் கடல் என்பது நினைவுக்கு வந்து எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஆற்றில் வரத்து குறைந்தால் கடலின் உப்புநீர் காயல் வழியாக உள்ளே ஏறி வயலைக் கெடுக்கும், அதை ஓருவெள்ளம் என்போம், தண்ணீர்முக்கத்தில் ஷட்டர் போட்டுத் தடுத்திருக்கிறார்கள் என்று அவனே மற்றவர்களுக்கு விளக்கினான். வண்டியின் விளக்கு வயர்களுக்கும் டிரெய்லர் வயர்களுக்கும் இடையே வைக்கும் கன்வெர்ட்டரில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு அந்த ஷட்டரேதான். அந்தப் படத்தைக் கையேட்டில் சேர்க்கிறேன்.

ஆகவே ‘எதிரேறல்’ அச்சுக்குப் போகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘பட்டறையில் ரிட்டர்ன் வருது என்பது’ என்று சேர்த்திருக்கிறேன். நகரி அண்ணாவின் பேச்சில் பழகியவன் தொலைந்துபோகக் கூடாது. எர்த் என்பது எர்த்தாகவே இருக்கும். மீள்தடம் விளக்கத்தில் வருகிறது, புவி எல்லா இடத்திலும் நீங்கிவிட்டது.

குமுளி, வியாழன் இரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எதிரேறலிலும் எதிர் இருக்கிறது. நெகட்டிவ் குழப்பம் தீரவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மறுபதிப்பு வரும்போது எதுக்களிப்பை மறுபடி கொண்டுவருவேன்.

நகரி, வெள்ளி காலை

தம்பி, பார்த்தேன், நல்லா இருக்கு. என் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். 17ஆம் பக்கத்தில் ‘பிரேக் காந்தத்தின் மின்தடை 3 ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று இருக்கிறது. மின்தடை என்றால் பேப்பரில் கரண்ட் கட்டுக்குத்தானே போடுகிறார்கள் என்று கேட்கிறான். காந்தத்துக்குக் கரண்ட் வராததைச் சொல்கிறீர்களா, ரெசிஸ்டன்ஸைச் சொல்கிறீர்களா என்று அவனுக்குத் தெரியவில்லை. அச்சு எத்தனை மணிக்கு? அதற்குள் இதற்கும் ஒரு சொல் கிடைக்குமா?